அவர்கள் பிரிக்காமல் விட்ட சவக்காலை

அண்ணை,

போன சனிக்கிழமை மல்வேர்னில் சாமான் வாங்கப் போன கடையில், மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய போத்தல் விழுந்து உடைந்தது. கோவாவை, இந்தியாக்காரர் முட்டைக்கோசு என்பார்களே, அதை நறுக்கி, உப்புப் போட்டு, மாதக்கணக்கில் புளிக்க வைத்து அடைப்பார்களே, அது. நெடி எழும்பியதும் வரிசையில் நின்ற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாண் அடுக்கியிருக்கும் பக்கமாக ஒதுங்கியது. நான் மட்டும் தள்ளுவண்டிலைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். துடைக்க வந்த பெண் தமிழ்ப்பிள்ளை. "அங்கிள், உங்கட சப்பாத்து நனையப்போகுது" என்று இரண்டு தரம் சொன்னாள். இந்த நெடிக்குள் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "ஓம் பிள்ளை" என்று இரண்டடி பின்னால் வந்தேன்.

நீங்கள் போய் இரண்டரை வருடமாகிறது. எழுத வேண்டும் என்று பல தரம் நினைத்து எழுதாமல் விட்டேன். களைப்பு என்று காரணம் சொல்லலாம். இந்தக் கனடாவில் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் காரணம் அது ஒன்றுதான்.

நாங்கள் இருவரும் முதன்முதலில் அந்த ஊருக்குப் போனது கோவா வெட்டி அடைக்கிற தொழிற்சாலை வேலைக்கு. விடியப்புறம் நாலரைக்கு மல்வேர்னில் வான் வரும். ரத்தினம் ஓட்டுவான். பன்னிரண்டு பேர், இரண்டு மணித்தியாலம். ஏறியதும் எல்லோரும் நித்திரை. நீங்கள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இருட்டில் என்ன தெரிகிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். "காணி" என்றீர்கள். ஊரில் பதினொரு வருடம் காணியும் சனமும் பதிகிற விதானையாக இருந்தவருக்கு இருட்டிலும் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கோவா ஊர் என்று வைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் ஒரே கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த சில குடும்பங்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர் அது. ஒரு தெரு, மாட்டுத்தீவனம் அரைக்கும் ஒரு ஆலை, தபால் கந்தோர், சுற்றிவர சோளமும் கோவாவும். தெருவின் நடுவில் இந்தப் பக்கம் ஒரு தேவாலயம், அந்தப் பக்கம் ஒரு தேவாலயம். ஒரே கல், ஒரே கோபுரம், ஒரே சபை. வாசலுக்கு வாசல் இருபது அடி இருக்கும். நானூறு பேருக்கு ஏன் இரண்டு என்ற கேள்வி எனக்கு வரவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்.

உங்களுக்கு வந்தது. மத்தியானம் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். நாங்கள் பெட்டிகளின் மேல் குந்தியிருந்து சோற்றைத் தின்போம். நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு சவக்காலைக்குப் போய் வாங்கில் இருந்து கல்லறைகளை வாசிப்பீர்கள். மூன்றாம் கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"ஐசே, இதைப் பாரும். உந்த ஊரிலை மொத்தம் ஒன்பது குடும்பம்தான். மிச்சமெல்லாம் ஒண்டுக்குள்ளை ஒண்டு. இவள் அவன்ரை மச்சாள். அவன் இவளின்ரை தமையன்ரை மகளைக் கட்டியிருக்கிறான்."

"அண்ணை, அவங்களுக்கே உது தெரியுமோ தெரியாது."

"தெரியாட்டி என்னட்டை வந்து கேக்கட்டும்."

கேட்க வந்தவர் ஹென்றி. எழுபது வயதிருக்கும், புல்லு வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். வழக்கம்போல எந்த இடம் என்று கேட்டார். ஸ்காபரோ என்றீர்கள். அதற்கு முதல்? இலங்கை. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. "அங்கே எந்தக் கிராமம்?" என்றார். திரும்பி வரும்போது வானில் ஒருவரையும் நித்திரை கொள்ள விடாமல் நீங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "கனடாவிலை என்னட்டை ஊர் எது எண்டு கேட்ட முதல் வெள்ளையன். கோவா ஊர் எண்டாலும் மனிசன் மனிசன்தான்."

இரண்டு தேவாலயத்தின் கதையை ஹென்றிதான் சொன்னார். முதலில் ஒன்றுதான் இருந்ததாம். அந்தக் காலத்தில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். யாரோ ஒரு கமக்காரர் இரும்பு அடுப்பொன்று அன்பளிப்புச் செய்தார். அதை எந்தப் பக்கம் வைப்பது? ஒரு மாரி முழுக்கக் கூட்டம் போட்டார்கள். பனி உருகியதும் பாதிப்பேர் தெருவுக்கு அந்தப் பக்கம் கல்லடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது இரண்டு கட்டடத்திலும் சுவருக்குள்ளால் சூடு வருகிறது. ஆண்களும் பெண்களும் கலந்துதான் இருக்கிறார்கள். அடுப்பு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

"அப்படியென்றால் திரும்பச் சேரலாமே?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

ஹென்றி தெருவுக்கு அப்பால் பார்த்து யோசித்தார். "அங்கே எங்களுக்கு ஆட்களைத் தெரியாது" என்றார். அவருடைய தங்கை அங்கேதான் கட்டியிருந்தா. தங்கையின் புருசன் வோல்டர் ஒரு வாரமும் ஹென்றி அடுத்த வாரமுமாகச் சவக்காலைப் புல்லை வெட்டினார்கள். வெட்டி முடித்தவர் மற்றவருக்காக எண்ணெய்க் கலனை நிரப்பிக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். பேச்சுவார்த்தை அந்தக் கலனோடு சரி.

சவக்காலை மட்டும் ஏன் ஒன்று? அடுப்பு வருவதற்கு முதலே கொடுத்த காணி அது என்றார் ஹென்றி. பிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தார்களாம், ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டேயிருந்தபடியால் நேரம் கிடைக்கவில்லை.

நீங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தடித்த மட்டை போட்ட உங்கள் சீ.ஆர். கொப்பியை எடுத்து ஏதோ எழுதினீர்கள்.

அந்தக் கொப்பியைப் பற்றி வேறு யாருக்காவது எழுதினால் விளக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரிலிருந்து கனடா வந்த ஒவ்வொரு வீட்டையும் நீங்கள் அதில் பதிந்தீர்கள். ஊரில் இருந்த வீட்டின் பெயர், இங்கே எந்தக் கட்டடம், யாருடைய பிள்ளை யாரைக் கட்டியது, யார் பிறந்தது. இறந்தவரின் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. ஞாயிறு முழுக்க பேஸ்மென்ற் அறையில் தொலைபேசியும் கையுமாக இருப்பீர்கள். ஊர்ச் சங்கம் தொடங்கியபோது சங்கத்துக்கு யாப்பு இருக்கவில்லை, கதிரை இருக்கவில்லை, இந்தக் கொப்பிதான் இருந்தது.

உங்களுக்கு அந்தச் சங்கம் ஏன் தேவை என்று எனக்குத் தெரியும். மனைவி ஊரிலேயே போய்விட்டா. பிள்ளைகள் இல்லை. "ஐசே, எனக்குச் சங்கத்திலை ஒரு பதவியும் வேண்டாம். கடைசியிலை பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். ஒரு சங்கம் எண்டால் வருவாங்கள். ரெண்டு எண்டால் ஆர் தூக்கிறது எண்டு கூட்டம் போடுவாங்கள். அவங்கள் முடிவெடுக்கும்வரை நான் பழுதாகாமல் கிடக்கேலாது." பகிடியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் ஒரே பகிடியை ஒரு மனிதன் ஏழெட்டுத் தரம் சொன்னால் அது பகிடியில்லை என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு விளக்கு வந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒன்றுகூடலில் மங்கல விளக்கேற்ற ஆறு பிரமுகர்களை அழைத்திருந்தார்கள். குத்துவிளக்குக்கு முகம் ஐந்து. சங்கத் தலைவர் போஸ்ற்மாஸ்ரர் ஊரில் முப்பது வருடம் முத்திரை விற்றவர், எண்ணிக்கையில் பிழைவிடாதவர் என்று பெயர். ஐந்து திரியும் எரிந்து முடிய, ஆறாமவராகிய குணம் கையில் மெழுகுதிரியோடு மேடையில் நின்றார். வீடு விற்கிற தொழில். அன்றைக்குக் கோட்டும் சூட்டும். எரிகிற திரியிலேயே இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னார் போஸ்ற்மாஸ்ரர். "எச்சில் விளக்கு ஏத்தவோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?" என்று குணம் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு இறங்கிப் போனார். அவரோடு ஏழு குடும்பம் எழும்பிப் போனது. அதில் மூன்று குடும்பம் சாப்பாட்டுப் பார்சலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

இரண்டு மாதம் நீங்கள் இரண்டு பக்கமும் நடந்தீர்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இரண்டு பகுதியையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக் கோவா ஊருக்குச் சுற்றுலா கொண்டுபோவது. எதிரெதிரே நிற்கும் இரண்டு தேவாலயத்தையும் காட்டி, அடுப்புக் கதையைச் சொல்லி, பிறகு சவக்காலைக்குள் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் எல்லாரும் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று காட்டுவது. "பேச்சு ஒண்டும் வேண்டாம். கண்ணாலை பாத்தால் காணும்" என்றீர்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அந்த நாட்களில் எனக்கு நம்பிக்கை வருவதுண்டு.

புரட்டாதி மாதம், நல்ல வெயில். மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ். தேவாலயங்களுக்கு நடுவில் தெருவில் நின்று கதை சொன்னீர்கள். எல்லாரும் மிகக் கவனமாகக் கேட்டார்கள். அதுதான் பிழை.

முதலில் போஸ்ற்மாஸ்ரர் வாய் திறந்தார். "பாத்தியளே, ரெண்டு இருக்கிறபடியால்தான் ரெண்டும் இவ்வளவு துப்பரவா இருக்குது."

குணம் கட்டடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தார். தொழில் பழக்கம். "விதானையார், இது எத்தினை வருசமா நிக்குது?"

"நூறுக்கு மேலை இருக்கும்."

"அப்ப பிரிஞ்சது பிழையில்லை. பிழையெண்டால் விழுந்திருக்கும்."

நீங்கள் விடவில்லை. "சரி, சரி. உங்காலை வாருங்கோ, ஒரு இடம் பாக்கவேணும்" என்று சவக்காலைப் பக்கம் நடந்தீர்கள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் நான் மட்டும் நிற்கிறேன்.

"சுடலைக்கோ?" என்றா போஸ்ற்மாஸ்ரரின் மனைவி. "விதானையார், உங்களுக்கென்ன விசரே? பஸ்ஸுக்குள்ளை சாப்பாடு இருக்குது. உதுக்குள்ளை போனால் தோயாமல் வாயிலை ஒண்டும் வைக்கேலாது. இங்கை எங்கை தோயிறது?"

குணத்தின் பகுதி அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் போஸ்ற்மாஸ்ரர் பகுதியோடு உடன்பட்டது. சுடலைக்குப் போனால் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும், வார்க்க இடமில்லை, ஆகவே போக முடியாது. ஒரு குரல்கூட எதிர்க்கவில்லை. எங்கள் ஊர் ஒற்றுமையாக நின்று நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். புல்வெளியில் சோற்றைத் தின்றுவிட்டு பஸ்ஸில் ஏறினோம். முன்பாதி ஒரு பகுதி, பின்பாதி மற்றப் பகுதி. ஸ்காபரோ வருவதற்குள் பின்னாசனங்களில் புதிய சங்கத்தின் நிர்வாகசபை தெரிவாகிவிட்டது. நீங்கள் நடுவில் இருந்தீர்கள். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அடுத்த மாதம் ஆமி முன்னேற, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. எங்கள் ஊரில் நாய்கூட இல்லை என்று செய்தி வந்த கிழமை, அந்த ஊருக்கு ஸ்காபரோவில் இரண்டு சங்கம் இருந்தது. இரண்டு தலைவர், இரண்டு கடிதத்தலைப்பு, ஒரே கண்டன அறிக்கை இரண்டு ஃபாக்ஸில். நீங்கள் ஷிஃப்ற் முடித்து வந்து, உடுப்பில் கோவா மணக்க மணக்கத் தொலைபேசியில் இருந்தீர்கள். கொழும்பில் ஒருவரைப் பிடித்து, வவுனியாவில் ஒருவரைப் பிடித்து, யார் யார் எங்கே என்று கொப்பியில் ஏற்றினீர்கள். "கிளிநொச்சி. பள்ளிக்கூடம். மூன்றாவது வகுப்பறை." எத்தனையோ பெயர்களுக்கு நேரே அது ஒரு முகவரியாக இருக்கிறது.

கொப்பியின் பெறுமதி அப்போதுதான் இரண்டு பக்கத்துக்கும் விளங்கியது. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து கேட்டார்கள். "ரெண்டாக் கிழிச்சுத் தரட்டே?" என்று குணத்திடம் கேட்டீர்களாம். "ஆருக்கு ஆம்பிளையள், ஆருக்குப் பொம்பிளையள்?" அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார்.

தை மாதத்தில் ஒருநாள் கோப்பிக் கடையில் வைத்து, பாண் பைக்குள் சுற்றி அதை என்னிடம் நீட்டினீர்கள்.

"ஏன் அண்ணை எனக்கு?"

"உமக்கு ரெண்டு பக்கத்திலையும் மதிப்பில்லை, ஐசே. அதைவிடப் பத்திரமான இடம் ஸ்காபரோவிலை இல்லை."

மாசியில், வானுக்குக் காத்து நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள். முதலில் ஓடிவந்து தூக்கியது ரத்தினம். வானை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு ஷிஃப்றுக்குப் போகாமல் விட்டது நீங்களும் அவனும் நானும் மட்டும்தான்.

தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் உங்களுக்கு இரண்டு அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டிலும் "எமது சங்கத்தின் தூண்." கிரியை முடிந்து, பெட்டியை வாகனத்துக்குக் கொண்டுபோகும் நேரம் வந்தது. மண்டபத்தின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் இவர்கள். தூக்க ஆறு பேர். தொடக்கக்கால உறுப்பினர் என்றபடியால் தங்களுக்கு நாலு என்றார் போஸ்ற்மாஸ்ரர். மூன்றுக்கு மூன்று என்றார் குணம். சரி, மூன்றென்றால் தலைப்பக்கம் யார்? நீங்கள் சொன்னபடியே கூட்டம் போட்டார்கள், அண்ணை. உங்களுக்கு முன்னாலேயே போட்டார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டபக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது கதவு திறந்து, தோளில் பனியோடு ஹென்றியும் வோல்டரும் வந்தார்கள்.

நான்தான் அழைத்திருந்தேன். கொப்பியின் கடைசித் தாளில், எங்கள் ஊர் வீடுகள் முடிகிற இடத்தில், "கோவா ஊர்" என்று தலைப்புப் போட்டு இரண்டு பேரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்திருந்தீர்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, மச்சான்மார் என்று குறிப்போடு. இருவரும் ஒரே ட்ரக்கில் வந்திருந்தார்கள். வீதி மோசம், வோல்டரின் ட்ரக்குக்குத்தான் பனிச்சக்கரம் இருந்தது என்றார் ஹென்றி. வழியில் கதைத்தீர்களா என்று கேட்டேன். "வானொலி போட்டோம்" என்றார்.

பெட்டியையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எதற்காக நிற்கிறார்கள்?"

"ஆலோசிக்கிறார்கள்."

கொஞ்சம் யோசித்தார். "அடுப்பா?"

"விளக்கு" என்றேன்.

தலையாட்டினார். வோல்டருக்குக் கண்ணால் ஒரு சாடை. இருவரும் போய்ப் பெட்டியின் முன் இரண்டு கைபிடியையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் தூக்குவது என்ற அளவுக்குத்தான் அவர்களுக்குச் சம்பிரதாயம் தெரியும். நடுவில் நானும் ரத்தினமும் போனோம். பின்கைபிடி இரண்டும் சும்மா கிடந்தன. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் போஸ்ற்மாஸ்ரர் வந்தார். அவர் வந்துவிட்டார் என்றதும் குணம் வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நேரே பார்த்தபடி தூக்கினார்கள். பின்பக்கம் கொஞ்சம் ஆடியது. அதற்காக மன்னிக்க வேண்டும்.

அதோடு எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முப்பத்தோராம் நாள் இரண்டு மண்டபத்தில் இரண்டு நினைவுக் கூட்டம், ஒரே ஞாயிறு, ஒரே நேரம். நான் இரண்டுக்கும் போகவில்லை. இப்போது இளையோர் என்று மூன்றாவதாக ஒன்று வரப்போவதாகக் கேள்வி. ஹென்றியும் வோல்டரும் பழையபடி தெருவின் இரண்டு பக்கமும் போகிறார்கள். போன கோடையில் தொலைபேசியில் விசாரித்தேன். எண்ணெய்க் கலனோடு இப்போது சில வேளை ஒரு போத்தல் பியரும் இருக்கிறதாம். அதை முன்னேற்றமென்று சொல்லமுடியாது என்றார்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்கும்போது எனக்குத் தெரியாது என்கிறேன். என்னை அவ்வளவாக மதிக்காதபடியால் நம்புகிறார்கள். சனிக்கிழமை அந்தக் கடையில் துடைத்து முடித்த பிள்ளையிடம், பழக்கதோஷத்தில், எந்த ஊர் என்று கேட்டேன்.

"நான் சின்னனிலேயே வந்திட்டன் அங்கிள். அப்பான்ர ஊர்..." என்று அவள் சொன்னது எங்கள் ஊர். "ஆனா நாங்க எந்த அசோசியேஷன் எண்டு தெரியாது. அப்பாவைக் கேக்கணும்."

"உது வேண்டாம் பிள்ளை. ஊரிலை வீட்டுக்கு என்ன பேர் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லும்."

பின்னேரம் அவளுடைய தகப்பன் தொலைபேசி எடுத்து வீட்டுப் பெயரைச் சொன்னார். தேடிப் பார்த்தேன். அவளுடைய பாட்டனாரின் பெயர் உங்கள் கையெழுத்தில் இருந்தது. கீழே சிவப்புக் கோடு. அதற்குக் கீழே தகப்பன், தாய், அவள், ஒரு தம்பி என்று நாலு பேரை என் கோழிக் கிறுக்கலில் ஏற்றினேன். விரலில் இன்னும் கொஞ்சம் கோவா மணந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

பிறகு உங்கள் பக்கத்தைப் புரட்டினேன். உங்கள் பெயர், ஊர் வீட்டின் பெயர், மல்வேர்ன் பேஸ்மென்ற் முகவரி எல்லாம் இருக்கிறது. கீழே கோடு போடுவது கொப்பி வைத்திருப்பவரின் கடமை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சிவப்புப் பேனையும் மேசையில்தான் கிடந்தது. இரண்டரை வருடமாகப் போடவில்லை. விதானையார் விளக்கம் கேட்டால் களைப்பு என்று எழுதித் தருவேன்.